நம்பர் கேட்க மாட்டோம்

“நீங்க யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம்மா. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

தட்டி அனுப்பிவிட்டு ஆலோசகி காத்திருந்தாள். திரையில் ‘விருந்தாளி 212’ என்று மட்டும் இருந்தது. பேர் இல்லை, படம் இல்லை, போன் நம்பரும் இல்லை.

பதில் வந்தது. “ஹாஸ்டல்ல இருக்கேன். பதினேழு வயசு. நெஜமாவே நம்பர் கேக்க மாட்டீங்கல்ல? கேக்க மாட்டாங்கன்னு அம்மாதான் ஒரு தடவை சொன்னாங்க.”

ஆலோசகிக்கு மனசு குளிர்ந்தது. போன வருடம் வரை இந்தப் பெண்கள் உதவி மையத்தின் ஆப்பில் நம்பரைக் கொடுத்தால்தான் உள்ளேயே வர முடியும். “நம்பர் கேட்டா எந்தப் பொண்ணும் வாயைத் திறக்க மாட்டா சார்” என்று நிர்வாகியோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி அந்த விதியை எடுக்க வைத்தவள் அவள்தான். எங்கேயோ ஒரு அம்மா அதை மகளிடம் சொல்லியிருக்கிறாள்!

“கேக்கவே மாட்டோம். தைரியமாச் சொல்லுங்க.”

“ஒருத்தன்கிட்ட என் போட்டோ இருக்கு. இன்னிக்கு மூணு மணிக்கு நேர்ல வந்தா என் கண்ணு முன்னாடியே அழிச்சிடறேங்கறான். வரலைன்னா தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்பிடுவானாம்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. ஆலோசகி அவசரமாகத் தட்டினாள்.

“போகாதீங்கம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எந்த இடம்னு சொல்லுங்க, இப்பவே ஆள் அனுப்பறோம்.”

“சொன்னா போலீஸ் வரும். அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்.”

அவள் எழுந்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கணினிப் பிரிவுக்காரரைக் கூவி அழைத்தாள். “சார், இந்தப் பொண்ணு எங்கேருந்து பேசறான்னு கொஞ்சம் பாருங்களேன்!”

அவர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். பிறகு கையைப் பிசைந்தார்.

“எதை வெச்சுப் பாக்கறது? ஒரு நம்பர் இருந்தா இந்நேரம் போலீசுக்குச் சொல்லியிருக்கலாம். எந்தத் தடயமும் வைக்கக் கூடாதுன்னு நாமதானே முடிவு பண்ணோம்...”

‘நீங்கதானே’ என்று அவர் சொல்லாதது அவளுக்கு இன்னும் வலித்தது. மணி இரண்டு ஐம்பது.

“உங்கம்மா திட்டவே மாட்டாங்க. நானும் ஒரு அம்மாதான், அதனால சொல்றேன். இப்பவே அவங்களுக்கு ஒரு போன் போடுங்க.”

பிறகு, “சரி ஆன்ட்டி. அம்மா குரலைக் கேட்டுட்டா நான் போக மாட்டேன்.”

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணினிப் பிரிவுக்காரர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. நான்கு.

“அம்மா வேலையா இருக்காங்களாம். பரவால்ல ஆன்ட்டி. அவனே ஹாஸ்டல் வாசலுக்கு வந்துட்டான். தேங்க்ஸ்.”

“போகாதே! கதவைத் திறக்காதே! இன்னொரு தடவை கூப்பிடு!”

அனுப்பினாள். ‘விருந்தாளி 212 வெளியேறிவிட்டார்’ என்றது ஆப். வெளியேறுகிறவர் எழுதியதை உடனே அழித்துவிடும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். அந்தப் பெண் எழுதியது ஒவ்வொரு வரியாகக் கண்ணெதிரே மறைந்தது.

“ஏதாவது பண்ணுங்க சார்” என்றாள். பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். வேலை நேரத்தில் ஆலோசகிகளின் போன்கள் எல்லாம் அவளிடம்தான் இருக்கும். அதில் ஒன்றைக் கையில் எடுத்து வந்திருந்தாள்.

“அக்கா, உங்க பொண்ணு கூப்பிட்டா. நீங்க வேலையா இருக்கீங்கன்னு சொல்லிட்டேன்.”