ஏழு கிலோ

"விமானத்துல கையில ஏழு கிலோ கொண்டு போகலாம் சார். இந்தப் பெட்டியே ரெண்டு கிலோதான்" என்றாள் கடைப்பெண். மேல்மூடியை உள்ளங்கையால் அமுக்கிக் காட்டினாள். அமுங்கியது, திரும்பி வந்தது.

சந்தனக்குமார் சக்கரங்களை உருட்டிப் பார்த்தான். பழைய பெட்டி காலியாகவே நாலு கிலோ. அம்மா கொடுப்பதை மறுக்க வருஷா வருஷம் அதுதான் அவனுக்குக் கைகொடுத்தது.

கூட வந்திருந்த அம்மா இருளாயி தன் கூடையிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். சிவப்பு நூலில் அவன் பெயரைத் தைத்திருந்த பை. போன வருஷம் மறுக்க முடியாமல் வாங்கி, விமான நிலையக் குப்பைத்தொட்டியில் பருப்புப்பொடியோடு அவன் போட்டுவிட்டுப் போன அதே பை.

"அங்கன கூட்டுற நம்ம தெரு பேச்சி, உன் பேரப் பாத்துட்டுக் கொண்டாந்து குடுத்தா" என்றாள். "பெட்டி கனமா இருக்கப்போய்த்தானய்யா போட்டுட்டுப் போன. இப்ப புதுசா இடிச்சு ரொப்பியிருக்கேன்."

கடைப்பெண் தராசுக் கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினாள். "மூணரைதான் சார். இன்னும் தாராளமா வைக்கலாம்."

அவன் குனிந்து பூட்டின் எண்களைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"பூட்டு சரியில்லையாய்யா?" என்று கேட்டாள் அம்மா.