பல்லிக்கு வேண்டிய சிப்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குடியிருந்த பல்லிக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. கிராபிக்ஸ் கார்டின் முதுகில் ஒட்டியிருந்த அதன் இரண்டு முட்டைகளும் எந்த நேரமும் பொரியலாம். கார்டும் ஃபேனுமோ, அடுத்த வருஷம் வரப்போகும் சிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

"மெமரியை அடுக்குமாடி மாதிரி அடுக்குவாங்களாம்" என்றது கார்டு.

"சிப்பையே நாலஞ்சு துண்டாச் செஞ்சு ஒட்டுவாங்க, பாரேன். முக்கியமா, உன்னை மாதிரி கொதிக்காது. உனக்கு வீசி வீசியே என் றெக்கை தேஞ்சு போச்சு" என்றது ஃபேன்.

கார்டு குன்றிப்போனது. வந்த நாள் முதல் அது வாங்கும் திட்டு அதுதான்.

அப்போது முட்டைகள் விரிசல் விட்டன. இரண்டு குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தன.

பல்லி கார்டின் பக்கம் திரும்பியது. "அண்ணே, இந்த மார்கழிக் குளிர்ல உங்க சூடு இல்லேன்னா என் பிள்ளைங்க பிழைச்சிருக்காது. நல்லா இருக்கணும் நீங்க" என்றது கார்டிடம்.

ஃபேன் பல்லியிடம் மெல்லக் கேட்டது: "நீ சொல்லு, புது சிப் எப்படி இருக்கணும்?"

"எனக்கென்னங்க தெரியும்? எப்படி வேணும்னாலும் செய்யட்டும். ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் சுட்டாப் போதும்."

ஃபேன் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.