வலது மேல் மூலை

மைதானத்து கேட்டில் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். இந்த சீசனுக்கான இருபத்தைந்து பேர்.

வேலை விட்ட கையோடு, தலையில் சாக்குத் தூசியோடு, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று. ஒரு பெயர் அதில் இருக்கக் கூடாது.

விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். ரொம்ப தூரம் போகவே வேண்டியிருக்கவில்லை. முதல் பெயரே அதுதான். எங்கள் கோல்கீப்பர். ஊரே ‘பூட்டு’ என்று கூப்பிடுகிற ஆள்.

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது.

“முப்பத்தஞ்சு வயசு பூட்டை இன்னும் தொங்கவிட்டிருக்கானுங்களே, இவனுங்களுக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?”

சத்தமாகத்தான் சொன்னேன். நாலு பேர் திரும்பினார்கள். திரும்பட்டும்.

சீசனுக்கு முன்னால் நடந்த பயிற்சி ஆட்டம் நாலு. நாலையும் கோலுக்குப் பின்னால் மலிவு டிக்கெட்டில் நின்று பார்த்தவன் நான். வாங்கிய கோல் ஏழு. அதில் ஐந்து, அவனுக்கு வலது பக்கம், மேல் மூலையில். பந்து அந்தப் பக்கம் வந்தால் கையைக்கூடத் தூக்காமல் நின்று பார்க்கிறான். கூட்டமோ தடுப்பு ஆட்டக்காரர்களைத் திட்டுகிறது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அடிப்பது போல.

நிர்வாகத்தைக் கேட்கவே வேண்டாம். கோல் போட மூன்று பேரைப் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒருத்தன் ஓடுகிற நேரத்தைவிட முடியைக் கோதுகிற நேரம்தான் அதிகம். பூனை மாதிரி எகிறுகிற இரண்டாவது கீப்பரை வேறு அணிக்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். கூரை ஒழுகும்போது கதவுக்குச் சாயம் அடிக்கிற புத்தி.

இதையெல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். தொண்டை கட்டுகிற அளவுக்குச் சொன்னேன்.

ஆட்டம் தவறாமல் விசிலோடு வருகிற வெல்டர் ஒருத்தன் உண்டு. அவன் முன்னால் வந்தான்.

“யோவ் மூட்டை, போன வருஷம் கடைசி பெனால்டியப் புடிச்சு நம்மளக் காப்பாத்தினது யாரு? உங்க மாமனாரா?”

சிரித்தார்கள்.

“போன வருஷம் தின்ன சோறு இந்த வருஷப் பசிக்கு ஆகுமாய்யா?” என்றேன்.

“டீம் டாக்டரே கையத் தூக்கச் சொல்லிப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. இவரு வந்துட்டாரு, பெரிய டாக்டரு! இந்தா, நீயே பாரு.”

பட்டியலுக்குப் பக்கத்தில் அணியின் போட்டோ. இருபத்தைந்து பேரும் வலது கையை உயர்த்தி நிற்கிறார்கள். நடுவில் பூட்டு.

“எப்படித் தூக்கியிருக்கான் பாத்தியா? கொடிக்கம்பம் மாதிரி!”

பார்த்தேன்.

மற்ற இருபத்திநாலு பேரும் தரையில் பதிந்து நிற்கிறார்கள். அவன் மட்டும் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறான். வலது குதிகால் புல்லில் படவில்லை. ஒன்பது வருஷப் போட்டோவில் ஒன்றில்கூடச் சிரிக்காதவன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறான்.

நான் மூட்டை தூக்குகிற கிடங்கில் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார் மேஸ்திரி. தூக்க முடியாதவனுக்கு அன்றைக்கு மூட்டை இல்லை. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தோள் போனவர்களிடம் அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. இடப்பக்கம் லேசாகச் சாய வேண்டும். வலது குதிகாலை எடுக்க வேண்டும். தோளை நம்பாமல் இடுப்பிலிருந்து கையை வீச வேண்டும். வலியில் பல்லைக் கடித்தால் மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார். அதனால் பல்லைக் காட்ட வேண்டும்.

பதினோரு வருஷமாக என்னை எந்த மேஸ்திரியும் கண்டுபிடித்ததில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால், டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், என் வீட்டுச் சமையலறையில் வைத்து அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை. “ஒரே ஒரு வருஷம்ணே” என்றான். மூன்றாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே எதைச் சொல்லிக்கொடுத்தாலும் சீக்கிரம் பிடித்துக்கொள்வான், என் தம்பி.

இங்கே யாருக்கும் தெரியாது. அவன் அம்மா ஜாடை, நான் அப்பா ஜாடை.

நாலு ஆட்டம் முடிந்த இந்த ஒரு மாதத்தில், அவன் தலையை அவன் பெண்டாட்டிதான் சீவிவிடுகிறாள்.

“என்னய்யா, தூக்கறானா இல்லையா?” வெல்டர் விடவில்லை.

அந்தக் குதிகாலைக் காட்டினால் போதும். கூட்டமே போட்டோவை உற்றுப் பார்க்கும். நாளைக்கே பெயரை அடித்துவிடுவார்கள். அவன் தோள் மிஞ்சும். இவ்வளவு நேரம் நான் கத்தியது அதற்குத்தானே.

அப்புறம் அவன் என் வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

காட்டத்தான் கையைத் தூக்கினேன்.

என் வலது குதிகால் தானாகத் தரையைவிட்டு எழும்பியது.

“தூக்கறான்யா” என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு.