திரையில் தெரிந்த கை

"அரே, சினிமால ஒத்தக் கையால கத்திய எப்படி விரிச்சே! நானே பாத்தேன்." ராம்பூரி எனப்படும் மடக்குக் கத்தியை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் மேஜைமேல் போட்டார். "நேத்து தாராவியில கொலை பண்ணவனும் அப்படியேதான் விரிச்சானாம்."

செம்பூர் ஸ்டுடியோவில் அடியாள் வேஷம் கட்டும் நயினார் கைகூப்பினான். "சாப், படத்துல மூஞ்சி மட்டுந்தான் என்னுது. எனக்கு இத விரிக்கவே வராது. குளோசப்ல வந்தது வேற ஆளு கை."

"யார் கை?"

நயினார் ஜன்னல் வழியே பார்த்தான். வாசலில் தங்கை தங்கத்தாய் நிறைமாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவன் தலை குனிந்தான்.

"பொய் சொல்லிட்டேன் சாப். என் கைதான்."

விலங்கோடு வெளியே வந்தவன் முகத்தில் தங்கத்தாய் காறித் துப்பினாள்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனா? வெளங்குவியா? படத்துல அந்தக் கையப் பாத்தன்னைக்கே எனக்கு ஈரக்குலை நடுங்கிச்சு. நல்லவேளை, எங்க வீட்டுக்காரவுக கத்தியத் தொட்டதே கெடையாது!"

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் வானமாமலை, வலது கையைப் பேன்ட் பைக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டான்.