சிகாகோ போலீஸ்

தனிஸ்லாஸ் இன்னொரு டீ சொன்னார். குடிப்பதற்காக அல்ல, அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில், இருசப்பன் கடைக் கயிற்றில் அந்தப் படக்கதைப் புத்தகம் கிளிப் மாட்டித் தொங்கியது. 'சிகாகோவில் மும்மூர்த்திகள்'. முகமூடி வின்சென்ட், துப்பறியும் பெர்னார்ட், வனவீரன் டாங்கோ. இதுவரை தனித்தனியாக உலகத்தைக் காப்பாற்றி வந்த மூவரும் முதல்முறையாக ஒரே கதையில் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள்.

அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை வரைந்தவர் தனிஸ்லாஸ்.

மெட்ராஸ் பதிப்பாளருக்கு ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. மனைவி அன்னாளுக்கு வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. நாற்பது வயதில் புருஷன் பொம்மைப் படம் போடுகிறான் என்று கோயிலில் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊருக்கு அவர் போர்டு எழுதுகிற தனிஸ்லாஸ், அவ்வளவுதான்.

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'இதை வரைந்தது யார்' என்று கேட்டுவிட்டால் ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று காலையிலிருந்து நிற்கிறார்.

ஒருவர் வந்து தீப்பெட்டி வாங்கினார். இன்னொருவர் மும்மூர்த்திகளை ஒதுக்கிவிட்டு, பின்னால் தொங்கிய தாரில் பழம் பிய்த்தார்.

அப்போதுதான் போலீஸ்காரர் பச்சையப்பன் சைக்கிளை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சோடா கேட்டார். அவர் கை தானாகப் புத்தகத்துக்குப் போனது.

தனிஸ்லாஸ் டீ கிளாஸோடு ஓரடி நெருங்கி நின்றார்.

பச்சையப்பன் அட்டையைப் பார்த்தார். கக்கத்திலிருந்த தொப்பியை எடுத்துப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இன்னாபா இருசப்பா, சிகாகோ போலீசும் நம்ம தொப்பியத்தான் போட்டுக்கினு கீறான்?"

தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். வானத்தை முட்டும் கட்டடங்களுக்கு நடுவே ஒரு போலீஸ் பட்டாளம் ஓடிவருகிறது. அத்தனை பேர் தலையிலும், பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியில் விட்டுப்போன அதே உயரமான சிவப்புத் தொப்பி.

கட்டடத்தை வெளிநாட்டுப் படம் பார்த்து வரைந்தார். காரையும் துப்பாக்கியையும்கூட அப்படித்தான். போலீஸ் தொப்பியைப் பார்த்து வரைய வேண்டும் என்று தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த தொப்பியாயிற்றே! பாண்டிச்சேரிப் பக்கமே வந்திராத பதிப்பாளரோ, அசல் அமெரிக்கா என்று மெச்சியிருந்தார்.

"இத வரைஞ்சவன் நம்மூரு ஆளுதான். சந்தேகமே இல்ல," என்றார் பச்சையப்பன். "யாருபா அந்தக் கூமுட்டை?"

காலையிலிருந்து காத்திருந்த கேள்வி வந்தேவிட்டது. கடைசிச் சொல்லைத்தான் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

கடையே சிரித்தது. தனிஸ்லாஸும் சிரித்தார், எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாக. வெட்கத்தில் காது எரிந்தது. நாக்கு நுனிக்கு வந்த 'நான்தான்' டீயோடு உள்ளே போனது. நழுவிவிடலாம் என்று கிளாஸை வைத்தார்.

பச்சையப்பன் சோடாவை மறந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். மும்மூர்த்திகளும் சேர்ந்து கொள்ளைக்கூட்டத்தின் எடுபிடி ஒருவனைத் துவைத்தெடுக்கும் பக்கம் வந்தது. அவனுக்கு ஒரு பல் பறக்கிறது.

பச்சையப்பன் நிமிர்ந்து தனிஸ்லாஸைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். மறுபடி தனிஸ்லாஸை.

மூன்று வீரர்களின் முகத்தையும் இம்மியும் மாற்றக் கூடாது என்பது பதிப்பாளர் உத்தரவு. அடி வாங்குகிறவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அன்னாளின் கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, வாயைக் கோணிக் கோணிப் பார்த்து தனிஸ்லாஸ் வரைந்த ஒரே முகம் அது.

பச்சையப்பன் சிரிக்கவில்லை. புத்தகத்துக்குக் காசை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"சிகாகோவுக்கே நம்ம தொப்பிய மாட்டி வுட்டீங்களே சார். இங்க, இந்த ஆளு பக்கத்துல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

சின்னதாகத்தான் போட நினைத்தார். கை கேட்கவில்லை. பெயர் எடுபிடியைத் தாண்டி, மும்மூர்த்திகளின் முகத்தின் மேலேயே ஏறிப் போய்விட்டது.