ரோமாபுரியில் இரண்டு நாள் லீவு

"பார்க்க வேண்டிய இடங்கள் மொத்தம் ஐந்து. சனிக்கிழமை மூன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று திட்டம் போட்டிருக்கிறேன்" என்று சௌந்திரம் படித்தாள்.

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த செல்லியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கடிதம் அவளுடைய புருஷன் சென்றாயன் இத்தாலி சண்டையிலிருந்து போட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவனுடைய கடிதங்களை எல்லாம் பக்கத்து வீட்டு சௌந்திரம்தான் படித்துச் சொல்வாள்.

சௌந்திரத்தின் புருஷன் வீரபாகுவும் அதே சண்டைக்குத்தான் போனான். சேலம்-நாமக்கல் பஸ்ஸில் வீரபாகு டிரைவர், சென்றாயன் கண்டக்டர். இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் பேர் கொடுத்து, ஒரே கம்பெனியில் லாரி ஓட்டினார்கள். ஆடி மாதம் சர்க்காரிடமிருந்து தந்தி வந்தது. வீரபாகுவைக் காணவில்லை.

அப்படிப்பட்ட சிநேகிதனைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. செப்டம்பர் கடைசி சனி, ஞாயிறு லீவு கிடைத்திருக்கிறதாம். ரோமாபுரிக்குப் போகிறானாம். வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒருவர் வழியெல்லாம் படம் போட்டுக் கொடுத்தாராம். ஒவ்வொரு இடமும் ஒரு மூலையில் இருக்கிறது, விடிந்ததும் நடக்க ஆரம்பித்தால்தான் முடியும் என்று அதையும் விவரமாக எழுதியிருந்தான்.

சௌந்திரம் குரல் பிசகாமல் முழுவதையும் படித்தாள். கடிதத்தை மடித்து செல்லியம்மாள் கையில் கொடுத்தாள்.

"நல்லா பாத்துப்போட்டு வரட்டும் செல்லி. அத்தனை தூரம் போயி ஊரைப் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?"

செல்லியம்மாளால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் சௌந்திரத்தின் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. வீரபாகுவின் அண்ணன் சென்னிமலை ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார். இனிமேல் தம்பி வருவான் என்று நினைப்பது வீண், ஐப்பசி அமாவாசைக்குள் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 

சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற செல்லியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது. அதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு புதுச்சத்திரம் தபாலாபீசுக்கு நடந்தாள். வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவரிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"கூடப் பொறந்தவனாட்டம் இருந்த ஆளைக் காணோம். உங்களுக்கு ஊர் பாக்கக் கால் வருதா? அப்படிப் போறதா இருந்தா இனி எனக்குக் காயிதம் போட வேண்டாம்னு எழுதுங்க."

எழுதுகிறவர் ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

அந்த சனிக்கிழமைக்குள் கடிதம் போய்ச் சேருமா என்று கேட்டதற்கு, கடல் தாண்டிப் போவதற்கு யார் உத்தரவாதம் சொல்ல முடியும் என்று தபால்காரர் சொல்லிவிட்டார்.

அந்த சனிக்கிழமையும் வந்தது. காலையிலிருந்து செல்லியம்மாள் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். இந்நேரம் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. தண்ணீருக்குப் போனபோது சௌந்திரம் எதிரே வந்தாள்.

"தம்பி இன்னைக்கு ரோமாபுரியிலதானே இருப்பாப்ல?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆமாங்கக்கா" என்று சொல்லிவிட்டு செல்லியம்மாள் குடத்தோடு விலகிப் போனாள். அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் போகிற நேரத்தையே மாற்றிக்கொண்டாள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. காரியத்துக்காக சென்னிமலையும் உறவுக்காரர்கள் சிலரும் வந்து இறங்கியிருந்தார்கள். மத்தியானம் தபால்காரர் சௌந்திரத்திடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் அவள் வந்திருந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு செல்லியம்மாள் வீட்டுக்குள் வந்து நின்றாள்.  கையில் அந்தக் கடிதம் இருந்தது.

"யாரு போட்டதுங்கக்கா?"

"அவருதான். கை கட்டுப் போட்டிருக்குதாம். சொல்லச் சொல்ல வேற யாரோ எழுதியிருக்காங்க."

நின்றபடியே படித்தாள்.

வீரபாகுவுக்குத் தலையில் பலத்த அடி. கழுத்தில் கட்டியிருந்த பேர் வில்லை அறுந்து போனதால் அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கே வெகுநாள் நினைவில்லை. பேர் தெரியாத ஆளாக ரோமாபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்றாயன் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் அடிபட்ட சிப்பாய்களை வைத்திருக்கிற ஆஸ்பத்திரி மொத்தம் ஐந்தாம். இது ஐந்தாவது. தேடிப் போவதை எழுதினால் நீ நம்பிக்கொண்டு இருப்பாய், நான் கிடைக்காவிட்டால் மறுபடியும் ஒரு தரம் சாவாய் என்று பயந்து யாருக்கும் சொல்லவில்லையாம். ஊரில் என்னடா பார்த்தாய் என்று கேட்டேன். லாரிக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டான்."

செல்லியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரைப் போயி என்னென்னமோ எழுதிப்போட்டனே, அக்கா" என்றவள், தபாலாபீசில் எழுதச் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லி அழுதாள்.

சௌந்திரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"நீயாவது எழுதிப்போட்டே செல்லி. நான் உன்ற முன்னால சிரிச்சுப்போட்டு, அந்த சனிக்கிழமை பூராவும் மனசுக்குள்ள தம்பிக்கு மண்ணை வாரித் தூத்திட்டு இருந்தேன்."