அம்மாவுக்கு ஒரு கிளாஸ்

ஜார்ஜியா நாட்டில், ககேத்தியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வக்தாங் காரை ஓட்டினான். அவனை அம்மா ஓட்டினாள்.

"மெதுவாடா! இந்த வளைவுலதான் உங்கப்பா பன்னி மேல மோதினாரு."

"பன்னிதான் மோதுச்சுன்னு சொன்னாரே?"

"பன்னி சாட்சி சொல்ல வரலியே. உன் கல்யாணத்துக்கு ஒயினை நான்தான் பாத்து வாங்குவேன். உனக்கு உங்கப்பா நாக்கு. நான் நிறத்தைப் பாத்தே சொல்லிருவேன்."

தோட்டத்தில் அறுவடைப் பாட்டு கேட்டது. அம்மா அதோடு சேர்ந்து முணுமுணுத்தாள்.

ஒயின் விற்கும் ஷோத்தாவின் நிலவறையில் உட்கார்ந்ததும் வக்தாங் சொன்னான்: "ரெண்டு கிளாஸ் ஐயா. ஒண்ணு அம்மாவுக்கு."

ஷோத்தா எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ரொட்டியைப் பிய்த்து, செத்தவர்களுக்குச் செய்வதுபோல அதன்மேல் ஒயினைச் சொட்டவிட்டார்.

"புண்ணியவதி. நிம்மதியா தூங்கட்டும்."

"யாருய்யா என்னைத் தூங்க வைக்கறது?" என்றது வக்தாங்கின் சட்டைப்பை.

கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செல்போனை அவன் எடுத்து ஒயின் ஜாடியில் சாய்த்து வைத்தான். திரையில் அம்மா.

"இத்தாலியில ஒரு கிழவியைப் பாத்துக்கற வேலைய்யா எனக்கு. தூங்க எங்க விடறாங்க?"

ஷோத்தா பதறிப்போய் அந்த ரொட்டியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"அடுத்த மாசம் கல்யாணத்துக்கு வந்துருவேல்லம்மா?" என்றான் வக்தாங்.

இத்தாலியில் கிழவியின் மணி அடித்தது. "கூப்பிடறாங்கடா" என்றாள் அம்மா. திரை இருண்டது.

ஷோத்தா இரண்டாவது கிளாஸை விளிம்புவரை நிரப்பி, தட்டால் மூடி, அலமாரியில் வைத்தார்.

"உயிரோட இருக்கறவங்க பங்கை நாம தொடக்கூடாது, தம்பி. வந்து குடிக்கட்டும்."